தட்டில் வைத்த நாற்றம்

கடலோரத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் புது மேலாளராக வந்தார் வரதராஜுலு. கச்சா எண்ணெயிலிருந்து கந்தகம் பிரிக்கும் பகுதியில் நுழைந்ததுமே அழுகிய முட்டை வாடை லேசாக வீசியது. அங்கே வேலை பார்த்த சலேத்மேரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மத்தவங்க பெட்ரோல், டீசல் தர்றாங்க. நீங்க தர்றது நாற்றம்தான். நாளைக்கு நிறுவனத் தலைவர் வர்றார். அதைத் தட்டுல வச்சுக் காட்டுங்க. இல்லேன்னா இந்தப் பகுதியை மூடச் சொல்லிடுவேன்."

"சூடா வைக்கட்டுமா, ஆறவச்சுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் தலைவர் முன்னால் அவள் குழாயைத் திறந்தாள். தேன் நிறத்தில் ஏதோ எஃகுத் தட்டில் வழிந்தது. ஓரத்தில் ஊசி ஊசியாக முளைத்து, உள்ளே பரவி, எலுமிச்சை மஞ்சளாக இறுகியது. பார்த்தவர்கள் தட்டை நோக்கிக் குனிந்தார்கள்.

"என்ன இது?" என்று தலைவர் வரதராஜுலுவைக் கேட்டார். அவர் சலேத்மேரி பக்கம் திரும்பினார்.

"கறுப்பு எண்ணெய்க்குள்ள இருந்த கந்தகம் ஐயா," என்றாள் சலேத்மேரி. "இப்படிப் பிடிச்சு வைக்கலேன்னா, ஊர் மூச்சுல கலந்துடும்."

தலைவர் வாசலுக்கு வந்தார். வெளியே வெயிலில் ஒரு மஞ்சள் மலையே நின்றது. அண்ணாந்து பார்த்தார்.

"அதுவுமா?"

"அது இந்த மாசத்து நாற்றம் ஐயா. அதுக்குத் தட்டு கிடைக்கல."