டம்ளர் ரெண்டு ரூவா

நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யின்னா, என் நாக்கு புளிச்ச மாவாட்டம் பொங்கி வெளிய வழியட்டும். அம்புட்டும் நெசம்.

மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மெஸ் வச்சிருந்த சிங்காரவேலுவுக்கு வயசு அறுபத்திரெண்டு. அவருக்கு ஒரு குரு. குருன்னதும் சடை, தாடியெல்லாம் தேடாதீங்க. முப்பத்தஞ்சு வயசுப் பொம்பளை, லாரி எடைமேடைக்குப் பக்கத்துல தகரக் கொட்டாயில இருந்துச்சு. பேச்சு கம்மி. இவரு அதத் "தாயி"ன்னு கும்புடுவாரு.

சிங்காரவேலு சம்சாரம் செத்துப்போயி ரெண்டு வருசம். மகன் துபாயில. மத்தியானம் கூட்டம் வடிஞ்சதும் சீப்பு, ஊக்கு விக்கிற காதரு, டூட்டி முடிச்ச கண்டக்டருன்னு நாலஞ்சு பேரு மெஸ்ஸுக்கு வருவாங்க. சாப்பிட இல்ல. ஓசித் தண்ணி குடிக்க. குடிச்சிட்டு ஃபேனுக்கடியில குந்திக்குவாங்க.

"என்னண்ணே, கண்ணு செவந்து கெடக்கு? தூங்கலையா?"

"ஒன்னைய மாதிரி ஓசிக் கிராக்கி வந்தா எங்கடா தூங்குறது?"

இப்பிடியே நாலு மணி ஆயிரும்.

தண்ணி லாரிக்குக் காசு ஏறவும் இவருக்கு வயித்தெரிச்சல். போர்டு மாட்டிப்புட்டாரு: 'தண்ணி டம்ளர் ரெண்டு ரூவா.'

யாரும் சண்டைக்கு வரல. அதான் கொடுமை. காதரு வந்தான், ரெண்டு ரூவா வச்சான், குடிச்சான், போயிட்டான். கண்டக்டரும் அப்பிடித்தான். மூணு மணிக்கு மெஸ்ஸுல இவரும் ஈயும்.

ஒரு மாசம் பொறுத்துப் பாத்துட்டு எடைமேடைக்குப் போனாரு.

"தாயி, சோறு எறங்க மாட்டேங்குது. வாய தொறந்தா எனக்கே என் கொரலு புதுசா இருக்கு. யாருக்கும் பேச நேரமில்ல. தண்ணிக்குக் காசு வாங்குறது தப்பா?"

"நாளைக்கு வாரேன்."

மறுநா மூணு மணிக்கு வந்துச்சு. இவருக்குத் தலகாலு புரியல. துண்டால பெஞ்சத் தொடைச்சாரு.

"தண்ணி."

கொண்டாந்து வச்சாரு. அண்ணாந்து மடக்மடக்குன்னு குடிச்சுச்சு. முந்தியில முடிஞ்சிருந்த ரெண்டு ரூவாய எடுத்து மேசையில வச்சுது. எந்திரிச்சிருச்சு.

"ஐயோ தாயி, ஒங்ககிட்டயா காசு வாங்குவேன்?"

"போர்டு இருக்கு."

"சரி, நான் கேட்டதுக்குப் பதிலு? செத்த உக்காருங்க தாயி. நேத்துலேர்ந்து ஒரு மனுச வாயி எங்கூடப் பேசல."

வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்துச்சு.

"குடிச்ச தண்ணிக்குத்தான் காசு குடுத்துட்டேனே. இன்னும் எதுக்கு உக்காரணும்?"

போயிருச்சு. சிங்காரவேலு ஈர டம்ளரக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு.

போர்டக் கழட்டினாரா இல்லையான்னுதானே வாயப் பாக்குறீங்க? எனக்கு ஒரு முட்டைத்தோசை, ரெண்டு ஆம்லேட் சொல்லுங்க மொதல்ல. சட்னி கெட்டியா இருக்கணும்.