முன்வரிசைச் சூடு

பவானிக் கரை ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் யாருக்காவது உடம்பில் சூடு ஏறினால், சக்தி எழுந்துவிட்டது என்று அர்த்தம். அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். முன்வரிசைக்கு ஃபேன் கிடையாது. சாப்பாடும் ஒருவேளைதான்.

நாற்பத்தேழு வயது மரகதத்துக்கு அந்த பாக்கியம் கிடைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நெஞ்சிலிருந்து குப்பென்று கிளம்பி முகமெல்லாம் எரியும்; அப்புறம் வேர்த்துக் கொட்டும். தியான மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சென்னியப்பன் அண்ணன்தான் அதைச் சக்தி என்று அறிவித்தார். ஆம்பளைக்கு வேறென்ன தெரியும்! அன்றிலிருந்து எல்லோரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவளுக்கோ பொட்டுத் தூக்கமில்லை. யார் பேசினாலும் எரிந்து விழத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தவள் பேர்கூட மறந்துபோனது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து செத்தாள்.

ஒரு மத்தியானம், போதுமடா சாமி என்று துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு குருவிடம் விடைபெறப் போனாள். குரு பொன்னாத்தாள் அம்மாவுக்கு அறுபது வயது. அருவாமனையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் கிளம்பறனுங்கம்மா. இந்தச் சக்தியை என்னால தாங்க முடியலைங்க. எனக்குத் தகுதி இல்லை.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “மாசாமாசம் ஒழுங்கா வருதா, கண்ணு?”

எட்டு மாதத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. மரகதம் குரலைத் தாழ்த்தினாள்.

“மூணு மாசம் வரவே இல்லைங்க. இப்ப வந்து பன்னெண்டு நாளாச்சு, நிக்கலை.”

“தூக்கம்?”

“எங்கீங்கம்மா!”

அம்மா அருவாமனையை ஓரமாக ஒதுக்கினார். “எனக்கும் இதேதான் வந்துச்சு. தவம்னு நினைச்சு நாலு வருசம் உக்காந்திருந்தேன்.”

“யாரும் எடுத்துச் சொல்லலீங்களா?”

“நான் யாரையும் கேக்கலை. எல்லாரும் கால்ல விழுந்தாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அந்த முன்வரிசை வழக்கமே என்னால வந்ததுதான்.”

மரகதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “அப்ப எட்டு மாசமா என்னைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமா கண்ணு. உன்னுது தவமில்லைன்னா என்னுது என்னாகும்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புத்தான்.”

அவர் எழுந்து சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “சூடு வந்த நாள், தூங்காத நாள், உதிரம் போன நாள், ஞாபகம் இருக்கிற வரைக்கும் குறிச்சு வை. தீட்டு நிக்கப்போற வயசுல உடம்பு இப்படிப் படுத்தும். இத்தனை நாள் நிக்காம போறதைக் கட்டாயம் டாக்டரம்மாகிட்டக் காட்டணும். மருந்து இருக்கு, யோசனை சொல்ல ஆளும் இருக்கு. நாளைக்குக் காலைல போலாம், நானும் வர்றேன்.”

பிறகு வாசல் பக்கம் திரும்பி, “சென்னியப்பா, முன்வரிசைக்கு ஒரு ஃபேன் மாட்டுப்பா” என்று குரல் கொடுத்தார்.

மரகதம் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

“அப்ப எனக்கு ஞானம் வரவே இல்லீங்களாம்மா?”

“முதல்ல தூக்கம் வரட்டும்” என்றார் அம்மா.