தலைவர் மட்டும் தெளிவாக

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரிய வருஷம் அது. மழை மூட்டம் போட்ட ஒரு காலையில் ஊரே இறங்கி மண் வெட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சங்கரலிங்கம் சலவை வேட்டியோடு வந்து, என் மண்வெட்டியைப் பிடுங்கி, நடுவில் நின்றுகொண்டார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

ஸ்டுடியோவிலிருந்து படம் எடுக்க வந்த பிரகாசியிடம் சொன்னார்: "எல்லாரும் வேலை செய்யணும். ஆனா என் மூஞ்சி மட்டுந்தான் தெளிவா விழணும். வேற ஒருத்தன் தெரிஞ்சாலும் கேமராவச் சகதியில போட்டுருவேன்."

பிரகாசி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டர் மெதுவாக மூடும்படி திருகினாள்.

"அண்ணாச்சிமாரே, நீங்க பாட்டுக்கு வெட்டுங்க. தலைவரய்யா, நீங்க எப்பவும்போல இருங்க."

படம் வந்தது. நாங்கள் எல்லோரும் புகையாகக் கலங்கியிருந்தோம். தலைவருக்கு மட்டும் மீசை முடிகூடத் தெளிவு. பூரித்துப்போய்ப் பஞ்சாயத்து ஆபீஸில் மாட்டினார்.

குளத்துத் திறப்பு விழாவுக்கு வந்த தாசில்தார் படத்தைப் பார்த்துப் பிரகாசியிடம் கேட்டார்: "மத்தவங்க ஏம்மா கலங்கிட்டாங்க?"

"அசைஞ்சா கலங்கும் சார். அவங்க வேலை செஞ்சாங்க."

தலைவர் படத்தைக் கழற்றச் சொன்னார். நாங்கள் விடவில்லை.

இன்றும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். இடது ஓரத்தில் கடப்பாரையோடு ஒரு புகை தெரியும். அது நான்தான்.