படத்துல இல்லாத பெச்சே வீடு

ஊரே இல்லையா? நல்லா இருக்கு சார் கதை. பெரிய அதிகாரிங்களை ஜீப்புல கூட்டிட்டுப் போனீங்களாம், அங்க ஒரு சேத்துக் குளமும் ஒரு மிளகாக் கொல்லையும்தான் இருந்துச்சாம், அதனால லாபெத்திங்கற ஊரே பொய்யாம். இதைச் சந்தையில நின்னு வேற பேசிட்டீங்க. ஹம்சா சார், கொஞ்சம் மூச்சு விட்டுக்கங்க. ஊரு இருக்கு. நீங்க போன எடத்துல இல்லை, அவ்வளவுதான். அதுக்காக லாபெத்திக்காரங்க எல்லாரையும் திட்டுங்க, நியாயந்தான். பெச்சேயை மட்டும் விட்டுருங்க. அங்க மூளையோட இருந்த ஒரே ஆளு அவதான். அதனாலதான் அவ பாடு இவ்வளவு கஷ்டமாப் போச்சு.

விஷயம் தெரியாதவங்களும் கேக்கட்டும். இந்தோனேசியாவுல, சுலவேசித் தீவோட தெக்குப் பக்கம் இருக்கற ஊரு அது. மழையை நம்பி நெல்லு, மேட்டுல மிளகா, வீட்டுக்கு அடியில மாடு. வீடெல்லாம் மரத்துல, உயரமான தூணு மேல நிக்கும். யாராவது எடம் மாறணும்னா வீட்டைப் பிரிக்க மாட்டாங்க. குறுக்க மூங்கிலைக் கட்டி, ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் தோள் குடுத்து, வீட்டை முழுசாத் தூக்கிட்டுப் போய் வெச்சிருவாங்க. பொம்பளைங்க சோளக்கஞ்சி காய்ச்சி ஊத்துவாங்க. இந்த வேலையில லாபெத்திக்காரங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. எதுக்குத் தூக்கறோம்னு மட்டும் கேட்டுறக் கூடாது.

அப்படிப்பட்ட ஊருக்கு, ஊர் விவரம் எழுதணும்னு சர்க்கார் ஆளா நீங்க வந்தீங்க. பெச்சே வீட்டுப் படியில உக்காந்து ஊரைப் படமா வரைஞ்சீங்க. அவ காப்பி குடுத்தா, குடிச்சீங்க. அப்புறம் படத்துக்கு சீல் அடிச்சு, கண்ணாடி போட்டு, ஊர் ஆபீஸ்ல மாட்டிட்டு, பெரிய அதிகாரிங்க வர்றப்ப ஊரு அச்சு அசலா இந்தப் படம் மாதிரியே இருந்தாத்தான் வாய்க்கால் வரும்னு சொல்லிட்டுப் போனீங்க. யாருகிட்ட சொல்றோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?

அன்னிக்கே கூட்டம் போட்டுட்டாங்க. ஊர்த்தலைவர் தஹாங் படத்துக்கு முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னாரு. வீடு தூக்கறப்பக் குரல் குடுக்கற மப்பா பக்கத்துல நின்னான்.

"படத்துல வயலு பச்சையா இருக்கு"ன்னாரு தஹாங்.

"நம்ம வயலு பழுத்து மஞ்சளாயிருச்சே, புவாங்." புவாங்னா அங்க ஐயா.

"யாரு அதை அவசரப்படச் சொன்னா?"

யாரும் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டாங்க. சரி, அறுத்துட்டு உடனே மறுபடி நட்டுறலாம்னு முடிவாச்சு. படத்துல ஒரு மாடு கிழக்கப் பாத்து நின்னுச்சு. தஹாங்கோட மாட்டை இழுத்துட்டு வந்து கிழக்கப் பாத்துக் கட்டுனாங்க. அது வாலை ஆட்டுச்சு. படத்து மாடு ஆட்டலை. வாலைப் பிடிச்சுக்க ஒரு ஆளைப் போட்டாங்க.

இது வரைக்கும் பெச்சே சிரிச்சுட்டுதான் இருந்தா. அவ புருஷன் பாசோதான் வால் பிடிக்கற ஆளு. வீட்டுல சும்மா கெடக்கறதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டா.

அப்புறந்தான் மப்பா படத்துல விரலை வெச்சான். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, தஹாங் வீட்டுக்கு எடது பக்கம், பெச்சே வீடு இருக்க வேண்டிய எடத்துல, காவிக் கலர்ல வட்டமா ஒண்ணு இருந்துச்சு.

"சேத்துக் குளம்"னு மப்பா தீர்ப்பு சொன்னான்.

பெச்சே முன்னாடி வந்தா. "டாயெங், அது காப்பிக் கறை. அந்த ஆளு கிளாஸை அது மேல வெச்சாரு. நான் கண்ணால பாத்தேன்." டாயெங்னா அண்ணன். கோவத்துலயும் மரியாதையை விடாதவ.

"காப்பி போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப குளத்துக்கு நீதான் பொறுப்பு."

"புவாங், நீங்களாவது சொல்லுங்க. என் வீடு இங்கதானே நிக்குது? கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

தஹாங் ரொம்ப நேரம் வீட்டையும் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "தெரியுதும்மா. ஆனா படத்துல சீல் இருக்கு. உன் வீட்டுல சீல் இருக்கா?"

பெச்சே தன் புருஷன் பக்கம் திரும்புனா. அவன், "நான் வாலை விட முடியாது பெச்சே"ன்னான்.

மறுநாள் மூங்கில் வந்துச்சு. பெச்சே எறங்க மாட்டேன்னுட்டா. அடுப்புல வாழைக்கா பொரிஞ்சுட்டு இருந்துச்சு. அதனால என்ன, அவளோட, அடுப்போட, வாழைக்காயோட சேத்துத் தூக்குனாங்க. ஊருக்குள்ள எங்க வெச்சாலும் படத்தை விட ஒரு வீடு கூடிப்போகும். காகிதம் எங்க முடியுதுன்னு பாத்தாங்க. ஓடையோட முடிஞ்சுது. ஓடையைத் தாண்டி, பொதரு மண்டிக் கெடந்த வெட்டவெளியில கொண்டு போய் வெச்சுட்டு, அவ குடுத்த வாழைக்காயை ஆளுக்கு ரெண்டு தின்னுட்டு, திரும்பி வந்து அவ வீடு இருந்த எடத்துல வட்டமாக் குளம் வெட்டுனாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது ரொம்ப நல்லா அமைஞ்ச வேலை.

பெச்சே பொதருக்கு நடுவுல தனியா உக்காந்து யோசிச்சா. பேச்சுல பிரயோஜனம் இல்லை. கஞ்சியில இருக்கு. ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து மப்பா முன்னாடி நின்னா.

"என் வீட்டுக்கு வலது பக்கம் தஹாங் வீடு இருக்கணும். எதிர்ல பள்ளிக்கூடம் இருக்கணும். பழையபடி. அது வரைக்கும் எவன் வீட்லயும் அடுப்பு எரியாது."

மப்பா கொஞ்சம்கூட எதிர்த்துப் பேசலை. "நியாயமாத்தான் கேக்கறே தங்கச்சி"ன்னான்.

பெச்சே நிம்மதியாப் படுத்தா. காலையில எழுந்து பாக்கறா, அவ வீட்டுக்கு வலது பக்கம் தஹாங் வீடு ஆடி ஆடி வந்து எறங்குது.

"என்ன டாயெங் இது?"

"நீ சொன்னபடிதான். உன் வீட்டைத் திருப்பிக் கொண்டு போக முடியாது, அங்க குளம் இருக்கு. பள்ளிக்கூடம் சாயங்காலம் வந்துரும்."

வந்துச்சு. உள்ள பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லிட்டே வந்தாங்க. அப்புறம் தஹாங் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், தன் பக்கத்து வீடு காணாமப் போச்சுன்னு அழுதான். அவன் வீட்டையும் தூக்குனாங்க. அவனுக்கு அடுத்தவன் அழுதான். இப்படி அழுகை தெருத்தெருவாப் பரவி, ஊரு மொத்தமும் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து எறங்கிருச்சு. கடைசியா ஊர் ஆபீஸ், உள்ள மாட்டியிருந்த படத்தோட வந்துச்சு. மாட்டைக் கிழக்கப் பாத்துக் கட்டுனாங்க. பாசோ வாலைப் பிடிச்சுட்டான்.

நீங்க ஜீப்புல போனது அன்னிக்குதான் சார். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கத்திட்டு, இந்தப் பக்கம் ஒரு எட்டு எட்டிப் பாக்காமக் கெளம்பிட்டீங்க. வாய்க்காலும் உங்களோடயே போச்சு.

இங்க பெச்சேக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. எப்படியோ, வீடு ஊருக்குள்ள இருக்கு. அடுப்பை மூட்டி, சட்டியில சோளத்தைப் போட்டா.

தஹாங் புது எடத்துல படத்தை வெச்சு ஒவ்வொண்ணா சரிபாத்தாரு. பள்ளிக்கூடம் சரி. மாடு சரி. வாலு சரி. பெச்சே வீட்டுக்கு முன்னாடி வந்து நின்னாரு. படத்தைப் பாத்தாரு. மப்பாவைப் பாத்தாரு.

"மூங்கிலை எடு"ன்னான் மப்பா.

இந்தத் தடவை பெச்சே சண்டை போடலை. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, தோள்மேல வீட்டோட நின்னவங்ககிட்ட கேட்டா: "புவாங், அது கறைதான்னு, சீல் அடிச்ச ஆளே வந்து சொன்னா?"

தஹாங் படத்துச் சீல் மேல விரலை வெச்சாரு. "அவரு சொன்னா எறக்கி வெச்சுரலாம். குளம்னு சொன்னா கொண்டு போயிரலாம். சொல்ற வரைக்கும் ரெண்டும் தப்பு."

அதனால நிக்கறாங்க சார். இப்பவும் நிக்கறாங்க, தோள்மேல வீட்டோட. பெச்சே ஜன்னல் வழியாக் கரண்டியில கஞ்சி ஊத்தறா, கீழ இருந்து வாயைத் திறக்கறாங்க. ஊரே இல்லைன்னு சந்தையில நின்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல? அதே சந்தையில, அதே எடத்துல, எல்லாரும் பாக்க நின்னு சொல்லுங்க. அந்தக் காப்பி கிளாஸைப் படத்து மேல வெச்சது யாரு?

சீக்கிரம் சொல்லுங்க. மப்பாவுக்குத் தோளு மாத்தணுமாம்.