அரண்மனை இரண்டு மடங்கான கதை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தன் ஊர் வீடுகளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அவர் பட்டமேறியபோது நூறு பொன்னுக்குப் போன வீடு, பத்து வருஷத்தில் முந்நூறு, இப்போது ஆயிரம்.

"நாடு கொழிக்கிறது, பிரபு" என்றார் பொக்கிஷ அதிகாரி வல்லபராயர். போர்ச் செலவுக்கென்று வருஷா வருஷம் பொன் நாணயத்தில் செம்பைக் கலந்துகொண்டிருந்த புண்ணியவான் அவர்தான். அந்தப் பொன்னைக் கையில் வைத்திருக்கப் பயந்து, ஊரே ஓடி ஓடி வீடு வாங்கியது.

நாடு கொழிக்கிறது என்றதைக் கேட்ட விகடகவி தாண்டவமூர்த்தி தன்னை மீறிச் சிரித்துவிட்டான். வல்லபராயர் விடுவாரா? "தங்கள் நாணயத்தைப் பரிகசிக்கிறான், பிரபு" என்று பற்றவைத்தார்.

ராஜ முத்திரை பதித்த நாணயத்தைக் குறை சொன்னால் நாக்கை அறுப்பது அந்த நாட்டு வழக்கம். ராஜாவின் முகம் சிவந்தது. "வீட்டு விலை ஏன் ஏறியதென்று நாளை சபையில் காட்டு. நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் நாக்குப் போகும். காட்டாவிட்டாலும் போகும்."

அன்று தாண்டவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கால் பிழைக்கிறவன் அது இல்லாமல் என்ன செய்வான், பாவம்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத சிரிப்பு?" என்று மனைவி அலமேலு அழுதாள். "எங்க அண்ணன் ஊருக்குப் போயிடலாம், வாங்க."

"வாசல்ல காவல் போட்டுட்டாங்க, அலமேலு" என்றான் அவன்.

மறுநாள் ஒரு மூங்கில் கோலோடு சபைக்கு வந்தான். நிலம் அளக்கும் அரசுக் கோல் போலவே நுனியில் பூண். நீளம் மட்டும் பாதி. மண்டபத்தை அளந்தான்.

"அரசே, கட்டியபோது இம்மண்டபம் இருபது கோல். இன்று நாற்பது. ஒரு செங்கல்கூட வைக்காமல் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது."

"மடையா, மண்டபம் எங்கே வளர்ந்தது? உன் கோல் அல்லவா குறைந்திருக்கிறது" என்றார் ராஜா.

தாண்டவன் கைகூப்பியபடி காணிக்கைத் தட்டிலிருந்த பொன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ராஜாவும் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தேய்த்தார். செம்பு தெரிந்தது.

"வீடு வளரவில்லை. என் பொன்தான் குறைந்திருக்கிறது" என்றார் மெதுவாக.

"பிரபு, நாணயத்தைக் குறை சொன்னால்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த வல்லபராயர் வெலவெலத்துப் போனார்.

"சொல்லும், யார் நாக்கை அறுக்கலாம்?" என்று கேட்ட ராஜா, பொக்கிஷச் சாவியை அங்கேயே பிடுங்கிக்கொண்டார். பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "தாண்டவா, பிடி ஆயிரம் பொன்."

தாண்டவன் காணிக்கைத் தட்டை மறுபடி ஒரு முறை பார்த்தான். "அரசே, தப்பாக நினைக்காதீர்கள். அதை நெல்லாகக் கொடுத்துவிடுங்களேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். நெல் வண்டி வண்டியாக அவன் வீட்டுக்குப் போனது.