பொறி வராத ஜீப்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் ஒரு ஜீப் இருந்தது. அதற்கு வயதாகிவிட்டது, ஆனால் அதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. அரிசி மூட்டை, நோயாளி, கல்யாணப் பெண் என்று எது ஏறினாலும் முனகிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அன்று காலை மட்டும் கிளம்ப மறுத்தது.

பொன்னுரங்கத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அவரைத்தான் அன்று அனுப்புவதாக ஏற்பாடு. மலைக்கு அந்தப் பக்கம் நெல்லிமேட்டில் தோட்டத் தொழிலாளர்கள் ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். எங்களோடு இருந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒருவரை அனுப்புங்கள் என்று மடத்தின் குருவிடம் வந்து கேட்டார்கள். குருவை எல்லாரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மை யோசிக்கவே இல்லை. "பொன்னுரங்கம் வருவார். அங்கேயே இருந்து பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கம் ஈரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் அம்மையின் பேச்சைக் கேட்டுவிட்டுப் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்து மலையேறியவர், அதன்பிறகு அவர் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. அம்மை உட்கார்ந்தால் பாய் போடுவார், நடந்தால் குடை பிடிப்பார். மற்றவர்கள் கேலி செய்தாலும் அவருக்கு அதில் பெருமைதான். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கிடைத்த தெளிவு தனக்கு மட்டும் வரவில்லையே என்ற ஏக்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் துரத்துகிறார்களே என்று இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது.

"வண்டியே போக வேண்டாங்குதுங்கம்மா" என்றார்.

"திறந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் அம்மை.

வேண்டாவெறுப்பாகப் பானட்டைத் தூக்கினார். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு சேர்த்து இன்ஜின்மேல் படும்படி வைத்தார்.

"சாவியைத் திருப்புங்கம்மா."

அம்மை ஏறித் திருப்பினார். இன்ஜின் சுற்றியது. பிளக்கின் முனையில் ஒன்றும் இல்லை.

"பேட்டரி நல்லாருக்கு. பெட்ரோலும் வருது. பொறிதான் வரலீங்க."

பொறிக்கு வேண்டிய மின்சக்தியைச் சேர்த்துத் தரும் காயிலிலிருந்து வரும் வயரைச் சோதித்தார். அதிலும் இல்லை. அந்தச் சக்தியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்தார். உள்ளே பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. அம்மை மறுபடி சாவியைத் திருப்பியபோதும் அவை பிரியவில்லை.

பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய வேலையே இல்லை. மூடியை மாட்டிவிட்டு, 'ஈரோட்டிலிருந்து சாமான் வரணும், மாசக்கணக்கில் ஆகும்' என்று சொன்னால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அம்மை சாவியைப் போட்டபடியே விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க கோளாறு?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"பாயிண்ட் ஒட்டிக்கிட்டே இருக்குதுங்க. அதைத் தள்ளிவிடற கட்டை தேஞ்சுபோச்சு. விலகவே மாட்டேங்குது."

"ஒட்டிக்கிட்டு இருந்தா நல்லதுதானே?"

பட்டறைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதெப்படிங்க நல்லது? இங்க பாருங்க."

காயில் வயரை இன்ஜினுக்கு அருகே பிடித்துக்கொண்டு, திருப்புளி நுனியால் பாயிண்டை நெம்பினார். சட்டென்று நீலப் பொறி ஒன்று தாவியது.

"பாத்தீங்களா? விலகற நேரத்துலதான் பொறி."

"அப்ப இவ்வளவு நாளா தொட்டுக்கிட்டு இருந்ததெல்லாம் வீணா?"

"வீணில்லீங்கம்மா! தொட்டுக்கிட்டு இருக்கறப்பத்தான் காயில்ல சக்தி ஏறும். தொடாத பாயிண்டுல பொறியே வராது. ஆனா ஏறினது வெளிய வரணும்னா..."

பொன்னுரங்கம் திருப்புளியை மெல்லக் கீழே வைத்தார்.

அம்மை அவரைப் பார்க்கவில்லை. பாயிண்டையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரணும்னா?"

"விலகணுமுங்க." குரல் இறங்கிப்போயிருந்தது.

"சரி, விலக்கிவிடுங்க."

பொன்னுரங்கம் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வந்து, தீப்பெட்டி அட்டையில் ஒரு துண்டு கிழித்தார். புள்ளிகள் நன்றாகப் பிரியும் இடத்துக்கு இன்ஜினைக் கையால் சுற்றி நிறுத்தினார். திருகாணியைத் தளர்த்தி, அட்டையை இடையில் விட்டு, அந்தக் கனத்துக்கு இடைவெளி வைத்து முறுக்கினார். மூடியையும் வயரையும் பிளக்கையும் மாட்டிவிட்டுத் தானே ஏறிச் சாவியைத் திருப்பினார். ஜீப் இரண்டு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகைதான், ஆனால் காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கோபத்தைக் காணவில்லை. நெல்லிமேட்டு ஆட்கள் இந்நேரம் பாதை முனையில் வந்து நின்றிருப்பார்கள் என்று முதல்முறையாக நினைத்தார். அவசரமாகப் போய்த் தன் பையை எடுத்துவந்து பின்னால் போட்டார்.

கியரில் கை வைத்த பிறகும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, இனிமே நான் இங்க வரவே வேண்டாமுங்களா?"

அம்மை ஜீப்பின் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

"தொடாத பாயிண்டுல பொறியே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பொங்கலுக்கு வந்துடுங்க. மறுநாளே கிளம்பிடணும்."