மீசை முறுக்கிய மகாராஜாவும் பெரிய ஏரியும்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றூர்ச் சீமையைச் செங்கோடராயர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சீட்டாட உட்கார்ந்துவிட்டால் புத்தியை எங்கே வைத்தார் என்று தேட வேண்டும். நல்ல சீட்டு விழுந்தால் உடனே மீசையை முறுக்குவார். அது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் பக்கத்துச் சீமை ராஜா கொடுமுடியார் விருந்துக்கு வந்தார். மூன்று சீட்டு ஆட்டம் தொடங்கியது. நம் ராஜா மீசையைத் தொட்டபோதெல்லாம் கொடுமுடியார் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்துப் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டார். மதியத்துக்கு மேல் நம்மவர் கையில் மூன்றும் ராஜா சீட்டாகவே விழுந்தன! இரண்டு கையாலும் மீசையை முறுக்கிக்கொண்டு பட்டத்துக் குதிரையைப் பந்தயம் வைத்தார்.

கொடுமுடியார் இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. "குதிரைக்குக் குதிரை. மேலே என் ஏரியையும் வைக்கிறேன். நீங்கள் உங்கள் பெரிய ஏரியை வைக்கிறீர்களா, இல்லை குதிரையோடு சீட்டைத் திறப்போமா?"

ஏரி போனால் ஊரே போயிற்று.

ராஜாவுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் படைத்தலைவரான தளவாய் பூவராகன். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "வையுங்கள் மகாராஜா! இந்தச் சீட்டுக்கும் தயங்கச் சொல்பவர் மந்திரி ஒருவர்தான்" என்றார்.

மந்திரி நல்லமுத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்: "தயங்க நான் யார்? ஆட்டத்தின் நடுவே யோசனை சொன்னவர் தம் சொத்தையும் பந்தயத்தில் சேர்க்க வேண்டும் என்பது நம் சபை வழக்கம். தளவாயின் மாந்தோப்பும் சேரட்டும்!"

"தோப்பா? அது என் மாமியார் பேரில் இருக்கிறதே!"

"சரி, வீடு?"

"வீடு... கொஞ்சம் ஒழுகுகிறது, பிள்ளைவாள்."

ராஜாவின் கை மீசையிலிருந்து இறங்கியது. "ஏனய்யா, என் சீட்டைப் பார்த்த உமக்கே ஒழுகுகிற வீட்டை வைக்கத் தைரியமில்லை. நான் ஊர்த் தண்ணீரை வைக்க வேண்டுமா? குதிரையோடு சரி. திறப்போம்!"

கொடுமுடியார் திறந்தார். மூன்றும் ஆஸ்! ராஜா சீட்டை ஜெயிக்கிற ஒரே சீட்டு.

"அப்பாடா, பிழைத்தோம்!" என்று தோற்ற ராஜா மந்திரியைக் கட்டிக்கொண்டார். "உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?"

"காலையிலிருந்து உங்கள் மீசைக்குப் பயந்தவர், இரண்டு பக்கமும் முறுக்கிய பிறகு ஏரியை வைக்கிறாரே, மகாராஜா!"

"மீசையா? என் மீசையா?" ராஜா வெட்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மந்திரிக்குத் தம் முத்துமாலையைப் போட்டார். "தளவாயே, கூரையை மாற்றிவிட்டுச் சபைக்கு வந்தால் போதும்" என்று பூவராகனை அனுப்பிவைத்தார்.

பிறகும் ராஜாவுக்கு ஆசை விடவில்லை. "அந்த மூன்று ஆஸ் எனக்கு விழுந்திருந்தால் ஏரியை வைத்திருக்கலாம் அல்லவா?"

"வைத்து ஜெயித்தும் இருப்பீர்கள். நாளைக் காலை அவர் ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு நம் வாசலில் நிற்பார்கள். அவர்களிடம் எந்தச் சீட்டைக் காட்டுவீர்கள்?"

ராஜா எழுந்துபோய்க் குதிரையைத் தாமே அவிழ்த்துக் கொடுமுடியார் கையில் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாகக் குதிரையைத் தோற்ற ராஜாவை அந்தச் சீமை அதற்குமுன் பார்த்ததில்லை.